பதினோரு விநாடி முகவீணை: ஒரு சத்தத்தை நாமே செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. படம் பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, கேம்ஸும் ஓரளவுக்கு அலுத்துவிட்டது. 'இதில் நாமே இசை அமைக்க முடியுமாமே?' என்ற எண்ணம் இந்தக் கட்டத்தில்தான் பலருக்கு வருகிறது. வந்ததும் செய்கிற முதல் காரியம், யாரிடமாவது 'பத்தாயிரம் சவுண்டுகள்' அடங்கிய ஒரு பெரிய போல்டரை வாங்கி ஹார்ட் டிஸ்க்கை நிரப்புவது. இரண்டு வாரம் அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கேட்பார்கள். பிறகு அந்தப் போல்டரைத் திறக்கவே மாட்டார்கள்.

செஞ்சிப் பக்கம் தளவானூரில் இருக்கும் என் அக்கா மகனும் இதைத்தான் செய்தான். ஆனால் அவனுக்கு வேண்டியிருந்த சத்தம் அந்தப் பத்தாயிரத்தில் இல்லை. அவனுக்கு வேண்டியது முகவீணை.

எங்கள் பகுதியில் பாரதக் கூத்து என்றால் ஆர்மோனியம், மத்தளம், தாளத்தோடு முகவீணையும் இருக்க வேண்டும். நாகஸ்வரத்தின் தம்பி மாதிரி இருக்கும் சின்னக் குழல் அது. சீவாளி வைத்து ஊதுவார்கள். பாடுகிறவர் விட்ட இடத்தில் அது பிடித்துக்கொள்ளும். இவன் சேர்ந்திருக்கும் ஜமாவில் அதை வாசித்து வந்த பெரியவர் காலமாகிவிட்டார். அவரிடம் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. மிச்சம் இருப்பது, யாரோ செல்போனில் பதிவு செய்த நாற்பது நிமிட ஒலிப்பதிவு ஒன்றுதான். அதிலும் பாட்டும் மத்தளமும் சேர்ந்தே கேட்கும். முகவீணை மட்டும் தனியாகக் கேட்கிற இடம் மொத்தம் பதினோரு விநாடி.

"மாமா, இந்தப் பதினோரு விநாடிய வெச்சிக்கிட்டு அந்தச் சத்தத்தைச் செய்ய முடியுமா?" என்று கேட்டான். முடியும். எவ்வளவு தூரம் முடியும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். முகவீணைக்குப் பதில் உங்களுக்குப் பிடித்த வேறு எந்தக் கருவியை வைத்துக்கொண்டாலும் வழி இதேதான்.

112-வது சத்தம்

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாமலேயே 128 கருவிகள் இருக்கின்றன. 1991-ல் ஜெனரல் மிடி என்று ஒரு பொதுப் பட்டியல் போட்டார்கள். பியானோ 1, வயலின் 41 என்று கருவிகளுக்கு நம்பர் கொடுத்தார்கள். எந்தக் கம்பெனிக் கீபோர்டாக இருந்தாலும் 41 என்றால் வயலின்தான் ஒலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பட்டியலில் 105 சிதார், 112 ஷெனாய். நாகஸ்வரம் இல்லை. முகவீணை இருக்கும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

முதலில் இவன் அந்த 112-ஐத்தான் எடுத்து வாசித்தான். ஷெனாயும் சீவாளிக் கருவிதானே என்பது அவன் கணக்கு. ஜமா வாத்தியார் கேட்டுவிட்டு, "என்னாடா இது, பஸ்காரன் ஆரன் அடிக்கிற மாதிரி கீது" என்றாராம். அவர் சொன்னதில் தப்பில்லை.

பதிவு செய்த துண்டையே கீபோர்டில் வைத்துவிட்டால் என்ன?

இது நியாயமான கேள்வி. இதற்கு சாம்பிளிங் என்று பெயர். உண்மையான கருவியின் ஒலியைப் பதிவு செய்து, ஒவ்வொரு கட்டைக்கும் அதையே ஒலிக்க விடுவது. இன்று வரும் பெரும்பாலான கீபோர்டுகள் இதைத்தான் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, பலமாக, நீளமாக, குறுக்கி என்று பல விதமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ பதினோரு விநாடி, அதில் ஐந்து ஸ்வரம்.

இல்லாத ஸ்வரத்துக்கு இருப்பதையே வேகமாக ஓட்டலாம். ஸ-வைப் ப-வாக்க ஒன்றரை மடங்கு வேகம் வேண்டும். அப்படிச் செய்தால் பதினோரு விநாடி ஏழே கால் விநாடியாகச் சுருங்கும். அதோடு குழலே சின்னதாகிவிட்டது போலக் கேட்கும். கார்ட்டூனில் எலி பேசுகிற சத்தம் இப்படித்தான் வருகிறது.

இன்னொரு வழி, பதிவு எதுவும் இல்லாமல் சத்தத்தை அடியிலிருந்து கட்டுவது. இதுதான் சிந்தெசிஸ். இதைச் செய்கிற கருவி சிந்தசைசர். கம்ப்யூட்டரில் அது ஒரு சாப்ட்வேர், அவ்வளவுதான். பதினோரு விநாடித் துண்டு அப்போது நமக்கு மாதிரிப் படம் மட்டுமே. ஓவியர் எதிரே ஆளை உட்கார வைத்துப் பார்த்து வரைகிற மாதிரி.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம்

ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். உங்கள் ஒலித் துண்டை அதில் திறங்கள். செல்போன் பதிவு பெரும்பாலும் எம்4ஏ பைலாக இருக்கும். ஆடாசிட்டி அதைத் திறக்க மறுத்தால் எப்எப்எம்பெக் என்ற துணை பைலையும் சேர்க்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், போனிலேயே டபிள்யூஏவி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தொல்லை இல்லை.

ஒரே ஸ்வரம் நீளமாக நிற்கிற இடத்தை மவுஸால் இழுத்து செலக்ட் செய்யுங்கள். அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். மலைத்தொடர் மாதிரி ஒரு படம் வரும். செஞ்சிக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரிகிற குன்றுகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உச்சியின் மேலும் மவுஸை வைத்தால், அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று கீழே காட்டும்.

ஒரு ஸ்வரம்தான் வாசித்தார், ஏன் இத்தனை உச்சி? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு கட்டை ஸ்ருதியில் ஸ என்பது சுமார் 262 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 262 அதிர்வு. ஆனால் குழலோ தந்தியோ அந்த ஒரு அதிர்வை மட்டும் தருவதில்லை. அதன் இரண்டு மடங்கு 524, மூன்று மடங்கு 786, நான்கு மடங்கு 1048 என்று அடுக்கடுக்காகச் சேர்த்தே தருகிறது. இந்த அடுக்குகளுக்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர். நன்றாகச் ஸ்ருதி சேர்த்த தம்புராவை மீட்டும்போது, யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் காதில் கேட்கிறது என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வார்கள். அது கற்பனை இல்லை. ஐந்தாவது ஹார்மோனிக்தான் அந்தக் காந்தாரம். தம்புராவில் அடுக்குகள் ஏன் இத்தனை பலமாக இருக்கின்றன என்று சர் சி.வி. ராமனே ஆராய்ந்து 1921-ல் எழுதியிருக்கிறார்.

எந்த அடுக்கு எவ்வளவு உயரம் என்பதுதான் ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் உள்ள முக்கிய வித்தியாசம். அந்த உயரங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் சமையல் குறிப்பு அதுதான்.

ரம்பப் பல்லா, சதுரமா?

சிந்தசைசரில் சத்தம் பிறக்கும் இடம் ஆசிலேட்டர். அதில் சில அலை வடிவங்கள் இருக்கும். சைன் அலையில் ஒரே ஒரு அதிர்வு; அடுக்கே கிடையாது. விசில் மாதிரி மொட்டையாக இருக்கும். சா என்கிற ரம்பப் பல் அலையில் 1, 2, 3, 4 என்று எல்லா அடுக்குகளும் உண்டு. ஸ்கொயர் என்கிற சதுர அலையில் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை அடுக்குகள் மட்டும்.

இதில் எதை எடுப்பது? குழலின் உட்புறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிளாரினெட்டின் துளை பெரும்பாலும் ஒரே அகலமாக நீளும். அதனால் அதன் கீழ் ஸ்வரங்களில் ஒற்றைப்படை அடுக்குகளே ஓங்கி நிற்கும். எனவே கிளாரினெட் செய்யச் சதுர அலை நல்ல தொடக்கம். நாகஸ்வரமும் சாக்சபோனும் அப்படி இல்லை. மேலே குறுகி, கீழே போகப் போக அகலும். கூம்புக் குழலில் எல்லா அடுக்குகளும் வரும். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டையும் கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இருவரும் கர்நாடக சங்கீதம்தான் வாசிக்கிறார்கள். சத்தத்தின் குணம் மட்டும் எவ்வளவு வேறாக இருக்கிறது என்று தெரியும்.

முகவீணையும் கூம்புக் கட்சி. எனவே ரம்பப் பல்.

எல்எம்எம்எஸ்ஸில் உட்காருவோம்

இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ் என்ற சாப்ட்வேரை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம், அது பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதுதான். காசு கொடுத்து வாங்கும் பெரிய சாப்ட்வேர்களை யாராவது 'கிராக்' செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இவன் வாங்கி வந்த பத்தாயிரம் சவுண்டு போல்டரோடு ஒரு வைரஸும் வந்து, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அந்தப் பதினோரு விநாடிக்கு வேறொரு பென்டிரைவில் காப்பி இருந்ததால் தப்பித்தோம்.

எல்எம்எம்எஸ்ஸைத் திறந்ததும் சாங் எடிட்டர் என்ற விண்டோவில் டிரிபிள் ஆசிலேட்டர் என்று ஒரு வரிசை ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் இடது பக்கம் உள்ள இன்ஸ்ட்ருமென்ட் பட்டியலிலிருந்து அதை இழுத்து விடுங்கள். அந்தப் பெயரைக் கிளிக் செய்தால் கருவியின் விண்டோ திறக்கும். கீழே பியானோ கட்டைகள் தெரியும். மிடி கீபோர்டு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் கீபோர்டில் இசட், எக்ஸ், சி, வி வரிசையே ஸ ரி க ம மாதிரி ஒலிக்கும்.

பெயருக்கு ஏற்றபடி இதில் மூன்று ஆசிலேட்டர். முதலாவதில் ரம்பப் பல் அலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதன் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். மூன்றாவதில் ஒயிட் நாய்ஸ் எடுத்து, வால்யூமை மிகமிகக் குறைத்து வையுங்கள். எதற்கு இந்த 'உஸ்' சத்தம்? அதுதான் மூச்சு. தனியாகக் கேட்கக் கூடாது. எடுத்துவிட்டால் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும். சாம்பாரில் பெருங்காயம் போடுகிற அளவு.

இங்கே ஒரு தவறு எல்லாரும் செய்வார்கள், இவனும் செய்தான். இரண்டாவது ஆசிலேட்டரையும் ரம்பப் பல்லாக்கி, பைன் என்ற குமிழால் ஸ்ருதியைத் துளி மாற்றினான். சத்தம் உடனே பெரிதாக, சினிமாத்தனமாக மாறியது. சந்தோஷமாக எனக்கு அனுப்பினான். அது ஒரு முகவீணை இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஊதுகிற சத்தம். ஸ்ருதி துளி விலகிய இரண்டு அலைகள் சேரும்போது காது அதைக் கூட்டமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நடன இசைக்கு அது அருமை. ஒற்றை ஆள் வாசிக்கிற கருவிக்கு ஆகாது.

வாய்தான் முதல் பில்டர்

இப்போது கேட்பது வெறும் ரம்பம். காது கூசும். இதைச் செதுக்குவது பில்டர். அதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரே ஸ்ருதியில் 'ஆ' என்று பிடியுங்கள். ஸ்ருதியை மாற்றாமல் மெதுவாக 'ஊ'வுக்குப் போங்கள். பிறகு 'ஈ'. தொண்டையில் ஒரே அதிர்வுதான். வாயின் வடிவம்தான் மாறுகிறது. வாய் சில அடுக்குகளை அமுக்கி, சிலவற்றைத் தூக்கிக் காட்டுகிறது. அதனால் நமக்கு வெவ்வேறு உயிரெழுத்து கேட்கிறது.

சிந்தசைசரும் இதையேதான் செய்கிறது. ஆசிலேட்டர் தொண்டை, பில்டர் வாய். எல்லா அடுக்கும் உள்ள அலையை எடுத்துக்கொண்டு, வேண்டாததைக் கழிக்கும் இந்த முறைக்குச் சப்ட்ராக்டிவ் சிந்தெசிஸ் என்று பெயர். அதாவது கழித்தல் கணக்கு.

கருவி விண்டோவில் என்வலப்/எல்எப்ஓ என்ற டேபைக் கிளிக் செய்து, பில்டர் என்பதன் பக்கத்தில் உள்ள பொத்தானை ஆன் செய்யுங்கள். லோ பாஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். கட்-ஆப் குமிழைக் குறைக்கக் குறைக்க மேல் அடுக்குகள் மறைந்து சத்தம் மழுங்கும். ரெசனன்ஸ் குமிழைக் கூட்டினால், வெட்டுகிற இடத்தில் ஒரு கூர்மை வரும். ஹெட்போன் போட்டிருந்தால் வால்யூமைக் குறைத்துக்கொண்டு இதைத் திருப்புங்கள். திடீரென்று கிறீச்சிட்டுக் காதைப் பதம் பார்த்துவிடும்.

இதோடு இன்னொன்று வேண்டும். முகவீணையில் எந்த ஸ்வரம் ஊதினாலும், மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குணம் மாறாமல் இருக்கிறது அல்லவா? ஆடாசிட்டியில் ஐந்து ஸ்வரங்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்சிகள் இடம் மாறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸ் பகுதியில் வருகிற உச்சிகள் மட்டும் எப்போதும் தூக்கலாக இருக்கும். கருவியின் உடம்பு தரும் மேடு அது. இதற்கு பார்மன்ட் என்று பெயர். சாம்பிளை வேகமாக ஓட்டியபோது எலிக்குரல் வந்ததன் காரணமும் இதுதான். இந்த மேடும் சேர்ந்து நகர்ந்துவிட்டது. எல்எம்எம்எஸ்ஸில் எபெக்ட்ஸ் டேபில் ஈக்வலைசரைச் சேர்த்து, உங்கள் படத்தில் மேடு இருக்கும் அதே ஹெர்ட்ஸில் ஒரு மேட்டைப் போடுங்கள். ஊகித்துப் போடாதீர்கள், அளந்து போடுங்கள். இந்த ஒரு படியில்தான் 'ஆரன்' கருவியாக மாறத் தொடங்கியது.

ஆரம்பம் சரியில்லை

இரண்டாவது முறை வாத்தியாரிடம் கொண்டு போனான். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நடுவுல சரி. ஆரம்பிக்கிறதே சரியில்ல" என்றாராம். எந்தச் சிந்தசைசர் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாக என்வலப் பற்றிச் சொன்னதில்லை.

என்வலப் என்பது ஒரு சத்தம் எப்படித் தொடங்கி, எப்படி நின்று, எப்படி முடிகிறது என்கிற கோடு. ஏடிடி என்பது சத்தம் எழ எடுத்துக்கொள்ளும் நேரம். டிஇசி என்பது எழுந்த பிறகு தணியும் நேரம். எஸ்யூஎஸ்டி என்பது கட்டையை அழுத்தியிருக்கும் வரை நிற்கும் அளவு. ஆர்இஎல் என்பது விட்ட பிறகு மறையும் நேரம். மத்தளத்துக்கு எழும் நேரம் பூஜ்யம், நிற்கும் அளவும் பூஜ்யம், அடித்ததோடு சரி. குழலுக்கு மூச்சு இருக்கிறவரை நிற்க வேண்டும். பக்கத்தில் ஏஎம்டி என்று ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பாமல் மற்றதை எவ்வளவு திருப்பினாலும் எதுவும் மாறாது. புதியவர்கள் 'சாப்ட்வேர் ரிப்பேர்' என்று நினைக்கும் இடம் இதுதான்.

வால்யூமுக்கு ஒரு என்வலப் போட்டால் போதாது. கட்-ஆப்புக்கும் தனியாக ஒன்று போட வேண்டும். ஊதுகிறவர் மூச்சைக் கொடுத்ததும் முதலில் மொத்தையாகச் சத்தம் வரும். அழுத்தம் ஏற ஏறத்தான் கூர்மை வரும். எனவே கட்-ஆப்பின் எழும் நேரம் வால்யூமைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். இந்தச் சின்ன இடைவெளியைத்தான் நம் காது 'ஆள் ஊதுகிறார்' என்று புரிந்துகொள்கிறது.

ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே

மூன்றாவது பிரச்சினை பெரியது. பியானோவில் ஸ-வும் ரி-யும் தனித்தனிப் படிகள். நம் இசையில் அவை படிகள் இல்லை, சாய்தளம். பதினோரு விநாடித் துண்டை ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். கோடுகள் நேராக இல்லை. கீழிருந்து ஏறி, ஆடி, வளைந்து போகின்றன. அந்தப் பெரியவர் ஒரு ஸ்வரத்தைக்கூட நேராகத் தொடங்கவில்லை.

எல்எம்எம்எஸ்ஸின் பியானோ ரோல் விண்டோவில் டிட்யூன் என்று ஒரு கருவி இருக்கிறது. புதிய பதிப்புகளில் பிட்ச் பெண்ட் என்ற பெயரில் வரலாம். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்வரத்தின் மேல் கிளிக் செய்தால், அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் வளைவு வரையலாம். ஸ்பெக்ட்ரோகிராமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வளைவை வரையுங்கள். பொறுமை வேண்டிய வேலை. இவன் நான்கு விநாடிக்கு வரைய ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டான்.

இது இன்று நேற்றுத் தோன்றிய யோசனை இல்லை. 1969-லேயே அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அதை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் சத்தம் செய்து பார்த்தார்கள். அந்த நாடாக்கள் பல வருடம் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, அண்மையில்தான் வெளியே வந்தன. மும்பையில் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-ல் ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். டிபி-303 கிட்டாருக்கு பேஸ் துணையாக விற்கப்பட்ட சின்னப் பெட்டி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற ஸ்லைடு வசதி அதில் இருந்தது. ராகத்துக்கு அது பொருந்திப் போயிற்று. அப்போது அந்தத் தட்டு விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அமெரிக்காவின் சிகாகோ நகரில் அதே பெட்டியை வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை பிறந்தது. 2010-ல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பாக வந்தபோதுதான் உலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது.

தமிழ் சினிமாவை மறந்துவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். அதில் பயன்பட்ட யமஹா சிஎக்ஸ்5எம் உண்மையிலேயே ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்தான். சிந்தசைசர் உள்ளேயே இருந்தது. மெமரி கிலோபைட் கணக்கில். உங்கள் மேஜையில் இருப்பது அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது என்பதை, 'என் கம்ப்யூட்டர் போதுமா?' என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த யமஹாவில் இருந்தது கழித்தல் முறை இல்லை, எப்எம் முறை. ஒரு அலையை இன்னொரு அலையால் வேகமாக உலுக்கினால் புதுப்புது அடுக்குகள் பிறக்கும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் 1967-ல் இதைக் கண்டுபிடித்தார். 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு இதைத்தான் உலகமெங்கும் கொண்டு போனது. மணி, ஜால்ரா போன்ற உலோகச் சத்தங்களுக்கு எப்எம் மிகப் பொருத்தம். கூத்துத் தாளத்தை இவன் அதில்தான் செய்தான். டிரிபிள் ஆசிலேட்டரிலேயே எப்எம் பொத்தான் இருக்கிறது. கழித்தல் முறையில் கை படிந்த பிறகு அதைத் தொடுங்கள். முதல் நாளே தொட்டால் தலை சுற்றும்.

குகையும் வயலும்

தளவானூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குன்றைக் குடைந்து செய்த சத்ருமல்லேஸ்வரம் இருக்கிறது. அதன் மண்டபத்துக்குள் நின்று ஒரு முறை கைதட்டினால், அந்த 'டப்'புக்குப் பின்னால் ஒரு வால் கேட்கும். பாறை சத்தத்தை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். மூன்றரை மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகும். அதனால் தனி எதிரொலியாகக் கேட்காமல் சத்தத்தோடு கலந்து தடிமனாகக் கேட்கும். இதுதான் ரிவெர்ப். அந்தக் கைதட்டலைப் பதிவு செய்து, கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற வகை ப்ளக்-இன்னில் கொடுத்தால், உங்கள் சத்தம் அந்த மண்டபத்துக்குள் ஒலிப்பது போலவே ஆகிவிடும். இலவசமாகவே இவை கிடைக்கின்றன.

இவனும் ஆசை ஆசையாக அதைச் செய்து முகவீணைக்குப் போட்டான். கேட்க மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் கூத்து நடப்பது திறந்த வெளியில். அங்கே சத்தம் போனால் போனதுதான், திரும்பி வராது. நாற்பது நிமிடப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் அவனே ரிவெர்பை எடுத்துவிட்டான். அந்தக் கைதட்டல் பைலை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

சில நடைமுறைச் சங்கதிகள்

கட்டையைத் தட்டிய பிறகு சத்தம் தாமதமாக வருகிறது என்று பலர் புகார் செய்கிறார்கள். எல்எம்எம்எஸ் செட்டிங்ஸில் பபர் சைஸ் என்று ஒன்று இருக்கும். 256 என்று வைத்தால் தாமதம் சுமார் 6 மில்லி விநாடிதான். சத்தம் வெட்டி வெட்டி வந்தால் 512 ஆக்குங்கள்.

செய்த சத்தத்தைக் கருவி விண்டோவில் உள்ள சேவ் ஐகானைக் கிளிக் செய்து ப்ரீசெட்டாகச் சேமியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேறு பெயர் கொடுங்கள். நேற்று நன்றாக இருந்தது, இன்று ஏன் கெட்டது என்று தேடும்போது கைகொடுக்கும்.

மேலே படிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு புதையல் இருக்கிறது. கோர்டன் ரீட் என்பவர் சவுண்ட் ஆன் சவுண்ட் பத்திரிகையில் 1999 முதல் 2004 வரை 'சிந்த் சீக்ரெட்ஸ்' என்ற தொடரை 63 பகுதிகள் எழுதினார். இன்டர்நெட்டில் இலவசமாகவே படிக்கலாம். ஆங்கிலம்தான், ஆனால் எளிமையான ஆங்கிலம். வாரம் ஒரு பகுதி படித்து, அதை அன்றைக்கே செய்து பாருங்கள். ப்ரீசெட் ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு குமிழை மட்டும் திருப்பி என்ன மாறுகிறது என்று கேட்பதும் நல்ல பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது முறை

வாத்தியார் மூன்றாவது முறை கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லையாம். மத்தளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "திரும்பப் போடு" என்றாராம். கூடவே கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுப் பிறகு சொன்னார்: "ஒத்திகைக்கு இது போதும்டா. ஆனா நான் நிறுத்துனா அது நிக்க மாட்டேங்குது."

வரைந்து வைத்த வளைவுக்கு எதிரே இருப்பவரைக் கேட்கத் தெரியாது. அதனால் இப்போது வரைவதை விட்டுவிட்டு, பழைய மிடி கீபோர்டு ஒன்றை வாங்கி நேரடியாகவே வாசிக்கிறான். அதன் இடது பக்கம் பிட்ச் வீல் என்று ஒரு சக்கரம் இருக்கும். அதை உருட்டினால் ஸ்ருதி வளையும். வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம் வரைதான் போகும்படி வைத்திருப்பார்கள். முகவீணைக்கு அது போதவில்லை என்று நான்காக்கினான். அதில் கை சற்று நடுங்கினாலும் ஸ்ருதி எங்கேயோ போய்விடுகிறது. மூன்றில் வைத்துப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.